கைமாறும் தொட்டில்

(விழா அரங்கில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பிறந்த குழந்தையின் மேனியில் முதன்முதலாகப் படுவது பெரும்பாலும் புத்தாடை அன்று. பாட்டனாரின் வேட்டியோ பாட்டியாரின் நூற்சேலையோ பன்முறை துவைக்கப்பெற்று, கஞ்சியின் விறைப்பெல்லாம் போய், பூப்போல் ஆனபின் கிழித்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதில்தான் குழந்தையை ஏந்துவர். பெயர் சூட்டும் நாள்வரை புதுத்துணி உடுத்தாத குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. தூளி கட்டுவதும் பழஞ்சேலையில்தான். பழையதைக் குழந்தைக்குக் கொடுத்தல் குறைவு என்னும் எண்ணம் முன்னோர் வழியாக வந்ததன்று. அண்மைக்காலத்தில் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தது.

முற்காலத்தில் அக்காள் மகனின் சட்டை தங்கை மகனுக்குப் போகும். அங்கிருந்து சித்தி வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் போகும். ஒரு தொட்டில் மூன்று தலைமுறையைத் தாலாட்டும். இன்று அந்தத் தொடர் அறுந்துவிட்டது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தையே. பெற்றுக்கொள்ளத் தங்கை பிள்ளை இல்லை. பிள்ளையின் வளர்ச்சியோ காத்திருப்பதில்லை. பிறந்தபோது இருந்த எடை ஏறத்தாழ ஐந்து மாதத்தில் இரு மடங்காகும், ஓராண்டில் மும்மடங்காகும், உயரம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் கூடும். முதலாண்டிலேயே சட்டைகள் மூன்று நான்கு முறை சிறுத்துப் போகின்றன. பாதி நாள்கூட உடுத்தாதவை அவற்றுள் பல. அவை பரணில் ஏறுகின்றன. ‘அடுத்த பிள்ளைக்கு ஆகும்’ என்பது ஒரு காரணம். அயலார்க்குக் கொடுத்தால் கண்ணேறு படும் என்பது இன்னொரு காரணம். இரண்டுக்கும் நடுவே துணி இற்றுப்போகிறது.

பரணிலிருந்து இறங்கினாலும் அவற்றுக்கு நற்கதி இல்லை. எவர்சில்வர்ப் பாத்திரக்காரரிடம் ஒரு தூக்குக்கு மாற்றாகப் போகும். அன்றேல் போகித் தீயில் விழும். போகியன்று பலரும் ஒப்பிக்கும் நன்னூலின் இறுதி நூற்பா, மொழியில் சொற்கள் வருதலையும் போதலையும் பற்றிப் பவணந்தி முனிவர் சொன்னது. தொட்டிலைக் கொளுத்துமாறு அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே உறவைக் கடந்து கொடுக்கவும் வாங்கவும் வேண்டிய காலம் இது. அங்கேதான் ஓர் இழப்பு நேர்கிறது. அக்காள் தொட்டிலைக் கொடுக்கும்போது, “அடியே, இடப்பக்கத்துக் கொக்கி தேய்ந்திருக்கிறது, மாற்றிப் போடு” என்று சொல்லிக் கொடுப்பாள். பொருளோடு அதன் வரலாறும் வந்து சேரும். முன்பின் அறியாதவர் கைக்குப் போகும் தொட்டில் ஊமையாகவே போகிறது. கொக்கியின் தேய்வு கொடுத்தவருக்குத் தெரியும். வாங்கிய தாய்க்குத் தெரியாது. தானத்தை நால்வகையாக வகுத்த சமண மரபு, அச்சம் நீக்குதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. பொருளைக் கொடுத்து ஆபத்தை மறைத்தல் அந்தக் கணக்கில் சேராது.

வண்ணம் பூசிய பழைய மரத்தொட்டிலையே எடுத்துக்கொள்ளலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். பல் முளைக்கும் குழந்தை தொட்டில் விளிம்பைத்தான் கடிக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஆகவே பூச்சு உரியும் தொட்டிலைக் கொடுத்தல் கூடாது. வீட்டிலேயே உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும் தீது. அந்தத் தூசியே நஞ்சாகும். பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 சனவரி முதல் கட்டாயமாயிற்று. முத்திரை இல்லாத பழைய பொம்மையில் கழன்று வரும் கண்ணும், திருகாணி இல்லாத மின்கல மூடியும் உண்டா என்று பார்த்தே கொடுக்க வேண்டும். பொத்தான் அளவுள்ள மின்கலத்தை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்திலேயே வெந்து புண்ணாகக் கூடும்.

குழந்தையை நடுவில் உட்காரவைத்து உருளும் ‘வாக்கர்’ வேறொரு வகை. கனடா நாடு 2004இல் அதன் விற்பனையை அடியோடு தடுத்தது. பழையதை விற்பதும் அங்கே குற்றம். படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் பலர் என்பதே காரணம். நம் தச்சர்கள் செய்யும் மூன்று சக்கர நடைவண்டியை இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டா. அதைக் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது.

இருசக்கர வண்டியில் செல்லும் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கும் தலைக்கவசம் வேண்டும் என்ற விதி 2023 முதல் உள்ளது. சிறு கவசங்கள் இனிக் கைமாறத் தொடங்கும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் உள்ளிருக்கும் தெர்மோக்கோல் போன்ற வார்ப்பு நசுங்கிவிடும்; மேலோடு பளபளத்தாலும் மறுமுறை காக்காது. கண்ணால் பார்த்து இதை அறிய இயலாது. கொடுப்பவர் சொன்னால்தான் உண்டு.

பால்புட்டியைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்று. 1992ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, பால்புட்டியையும் தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவையும் ஆதரவற்றோர் இல்லங்களுக்கன்றி எவர்க்கும் தானமாக வழங்கலாகாது. தாய்ப்பாலைக் காக்கவே இந்தத் தடை. பழைய புட்டியின் மூடிக்குள் தங்கும் அழுக்கு வேறு. பாலாடையும் சங்கும் அப்படியல்ல. கொதிநீரில் இட்டு எடுத்தால் எத்தனை பிள்ளைக்கும் உதவும்.

இனி, கொடுக்கும் முறை. துவைத்து, வெயிலில் காயவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்து, ‘ஆறு மாதம்’, ‘இரண்டு வயது’ என்று சீட்டுக் கட்ட வேண்டும். பெரிய பொருளாயின் எந்த ஆண்டில் வாங்கியது, எத்தனை பிள்ளைகள் பயன்படுத்தினர், எங்கே பழுது பார்த்தது என்று நான்கு வரி எழுதி ஒட்டுக. அக்காள் வாயால் சொன்னதை அந்தச் சீட்டுச் சொல்லும். வாங்குவோரும் இவற்றையெல்லாம் கூசாமல் கேட்கலாம். நல்ல பழம்பொருளை விலை கொடுத்து வாங்குவதில் இழிவு ஏதுமில்லை.

குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுப்போர், தேவை யாது என்று முன்னரே கேட்டறிதல் நன்று. எல்லாரும் கைக்குழந்தைச் சட்டையே கொண்டுபோனால் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு ஒன்றும் மிஞ்சாது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து வெளியிடும் வழக்கமோ பொறுக்கத் தக்கதன்று. இல்லத்தில் வளரும் பிள்ளையின் அடையாளத்தை வெளிப்படுத்தல் 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தங்கைக்குச் சட்டை கொடுத்த அக்காள் படம் எடுத்து ஊருக்குக் காட்டினாளா?

கொடுக்கத் தகாதவற்றையும் கண்டபடி எறியலாகாது. அடிபட்ட தலைக்கவசத்தின் வாரை அறுத்துவிட்டே குப்பையில் இட வேண்டும். இல்லையேல் எடுத்துச் செல்பவர் தம் பிள்ளைக்கு மாட்டிவிடுவார். நைந்த பருத்திச் சட்டைகளை இரண்டு மூன்றாக அடுக்கித் தைத்தால் நல்ல அணையாடை ஆகும்.