ஜீரோ எரர் பார்த்தாச்சா?
(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



முதல் வருஷ லேபில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்ததும் சார் கேட்கும் முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "ஜீரோ எரர் பார்த்தியாப்பா?" அன்றைக்கு அது ரெக்கார்டு நோட்டில் மார்க் வாங்கும் சமாச்சாரம். 178 பேரின் உயிர் அந்தக் கேள்வியில் தொங்கிய ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

2022 மே 23. ஸ்டாக்ஹோமிலிருந்து பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்துக்கு ஓர் ஏர்பஸ் ஏ320 வந்து கொண்டிருந்தது. மழை, தாழ்ந்த மேகம். ஓடுபாதைக்கு ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐ.எல்.எஸ். அன்று வேலை செய்யவில்லை. உயரமானியை நம்பித்தான் இறங்க வேண்டும்.

உயரமானி என்பது வேறொன்றுமில்லை, காற்றழுத்தமானிதான். அன்றைய கடல்மட்ட அழுத்தத்தை அதில் திருகி வைத்தால்தான் சரியான உயரம் காட்டும். 1 ஹெக்டோபாஸ்கல் தப்பினால் சுமார் 28 அடி தப்பும்.

அன்று உண்மையான அழுத்தம் 1001. கட்டுப்பாட்டு அதிகாரி வாய்தவறி 1011 என்றார். விமானிகளும் விதிப்படி "1011" என்று திருப்பிச் சொன்னார்கள். திருப்பிச் சொன்னது சரி, சொல்லப்பட்டதுதான் தப்பு! பதிவு செய்த வானிலை அறிவிப்பில் 1001 என்றுதான் இருந்தது. இரண்டையும் யாரும் ஒப்பிடவில்லை. உயரமானி காட்டியதைவிட விமானம் சுமார் 280 அடி தாழ்வாகப் பறந்தது. அறையில் இருந்த இரண்டு விமானிகளின் மீட்டர்களும் ஒரே பொய்யை ஒற்றுமையாகச் சொல்லின.

குறித்த உயரம் வந்தது. ஓடுபாதை தெரியவில்லை. "தெரியாவிட்டால் மேலே ஏறு" என்பது விதி. ஏறினார்கள். அந்த நேரத்தில் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்த குறைந்தபட்ச இடைவெளி 6 அடி. நம்மில் ஒருவர் நிமிர்ந்து நிற்கும் உயரம்! ஓடுபாதை இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அடுத்த முயற்சியிலும் அதே 1011தான். இந்தத் தடவை ஓடுபாதை விளக்குகள் கண்ணில் பட்டதால் சரிசெய்து பத்திரமாக இறங்கினார்கள்.

நண்பர்களே, இதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. கெட்டவர் யாரும் இல்லை. ஒரே ஒரு இலக்கம் பிசகியது. காப்பாற்றியது புத்திசாலித்தனம் அல்ல, சலிப்பாகத் தோன்றும் ஒரு விதியைத் தட்டாமல் கடைப்பிடித்த பழக்கம்.

நாமும் தினம் போனில் கேட்ட எண்ணை டிராயிங்கில் போடுகிறோம், பக்கத்து மீட்டர் ஒத்துப்போகிறது என்று கையெழுத்துப் போடுகிறோம். கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டும் சரிபார்ப்பு ஆகாது. வேறோர் இடத்திலிருந்து அதே எண் வருகிறதா என்று பார்ப்பதே சரிபார்ப்பு.

சார், அன்று உங்கள் கேள்விக்கு நான் பார்க்காமலே "பார்த்துட்டேன் சார்" என்று சொன்னதுண்டு. இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இப்போதெல்லாம் பார்க்கிறேன்.