குழியைத் திறந்தவர் பொறுப்பு



விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் 33, 34 ஆகிய வசனங்களில் ஒரு சிறிய சட்டம் இருக்கிறது. ஒருவர் ஒரு குழியைத் திறக்கிறார், அல்லது புதிதாக வெட்டுகிறார். அதை மூடாமல் போய்விடுகிறார். அடுத்தவருடைய மாடோ கழுதையோ வந்து அதில் விழுந்து சாகிறது. இழப்பை யார் ஈடு செய்வது? குழிக்கு உரியவர்தான் ஈடு செய்ய வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பத்துக் கட்டளைகள் இருப்பது 20ஆம் அதிகாரத்தில். அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே மாடும் குழியும் மூடியும் வந்துவிடுகின்றன. மலையில் கேட்ட கட்டளை வீட்டு முற்றத்துக்கு இறங்கி வந்துவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இன்று நாம் சிந்திக்கப்போவதும் முற்றத்தில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றித்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று நம் தோல் தொழில் ஊர்களில் வார நாள்களில் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் போகும் இளைஞர்கள் பலர், விடுமுறை கிடைத்தால் தங்கள் வண்டியைத் தாங்களே பிரித்துப் பார்க்கிறார்கள். நம் ஊர் வழியாகப் போகும் பெங்களூரு – சென்னை நெடுஞ்சாலையில்தான் இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தடமும் இருக்கிறது. 1990இல் திறக்கப்பட்ட தடம் அது. அங்கே ஓடும் கார்களைப் பார்த்து வந்த பிள்ளைகளுக்குத் தங்கள் வண்டியும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையில் செய்யும் வேலைகளில் ஒன்று, பின் அச்சின் நடுவில் இருக்கும் குண்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய கனமான அலுமினிய மூடியைப் பொருத்துவது.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? படித்தவர்கள் டிஃபரன்ஷியல் என்பார்கள். நம் மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்பார்கள். திருவிழாவில் சப்பரம் தூக்கியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தெரு முனையில் சப்பரம் திரும்பும்போது உள்பக்கம் தோள் கொடுப்பவர் நின்ற இடத்திலேயே இரண்டடி வைத்தால் போதும். வெளிப்பக்கத்தில் இருப்பவர் எட்டி எட்டி நடக்க வேண்டும். இருவரும் ஒரே அளவு அடி வைப்போம் என்று பிடிவாதம் பிடித்தால் சப்பரம் சாய்ந்துவிடும். வண்டியின் சக்கரங்களுக்கும் இதே கதைதான். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இன்ஜினின் சக்தியை இரண்டுக்கும் பகிர்ந்து கொடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் வேகத்தில் சுற்ற விடுவது இந்தப் பல்சக்கரக் கூட்டத்தின் வேலை. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் பெக்கூர் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி இதை வண்டிக்கென்று வடிவமைத்தார்.

இந்தப் பற்கள் எண்ணெயில் மூழ்கியே சுற்றுகின்றன. எண்ணெய் வெளியே போகாமலும், தூசியும் தண்ணீரும் உள்ளே வராமலும் காப்பது மூடி. எண்ணெயைக் கசியாமல் நிறுத்துவதில் நம் தோலுக்கும் பழைய பெருமை உண்டு. சைக்கிள் பம்பின் உள்ளே இருக்கும் தோல் வாஷரை நாம் அறிவோம். ஆரம்ப காலக் கார்களின் அச்சுகளிலும் எண்ணெயைத் தடுத்தவை தோல் சீல்களே. ரப்பர் பின்னால் வந்தது.

கடையில் விற்கும் அலுமினிய மூடியை ஏன் வாங்குகிறார்கள்? கல் மோதினால் தகர மூடியைவிடத் தாங்கும். வெளியே இருக்கும் வரிவரியான மடிப்புகள் சூட்டை வெளியேற்றும். எண்ணெய் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். பந்தயத்தில் ஓடும் வண்டிக்கும், பாரம் இழுத்து மலை ஏறும் வண்டிக்கும் இவை பயன் தரலாம். ஆம்பூருக்கும் வேலூருக்கும் போய்வரும் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த மூடியே போதும். அமெரிக்காவில் கேல் பேங்க்ஸ் என்ற பொறியாளர், உள்பக்கம் தட்டையாக உள்ள சில மூடிகள் எண்ணெயின் சுழற்சியைக் கெடுத்து நுரைக்க வைக்கின்றன என்று சோதனை செய்து காட்டினார். அவரும் மூடி விற்பவர்தான், அதையும் மனத்தில் வைத்துக்கொள்வோம். இருந்தாலும் வெளி மினுமினுப்பைப் பார்த்து வாங்காமல் உள்வளைவைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது நல்ல பாடம். இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் முன்சக்கரமே இழுக்கிறது. அவற்றின் பின்பக்கம் இந்தப் பெட்டியே கிடையாது. ஜீப் வகை வண்டிகளில் உண்டு. ஆகவே பணம் கொடுக்கும் முன் வண்டியின் அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள்.

சரி, செய்வது என்று முடிவாகிவிட்டது. அப்படியானால் முதலில் உயிரைக் காப்போம். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போட வேண்டும். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு மட்டும். தூக்கிய பிறகு வண்டியைத் தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ ஒரு நொடியில் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கும் பிள்ளையைப் பெற்றோர் அதட்டியே எழுப்ப வேண்டும். அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

அடுத்து, எண்ணெய் ஊற்றும் துளையின் திருகை முதலில் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே இருப்பதை எல்லாம் வடித்துவிட்டு, பிறகு அந்தத் திருகு துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி முற்றத்திலேயே நின்றுவிடும். புதியதை நிரப்ப வழி இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் பழையதை வெளியேற்றக் கூடாது. குடும்பத்தில் முடிவு எடுக்கும்போதும் இது பொருந்தும்.

பிறகு அகலமான பேசினை அடியில் வைத்து, மூடியின் போல்ட்டுகளைக் கீழிருந்து தளர்த்த வேண்டும். மேலே இரண்டை மட்டும் சில மரைகளில் நிறுத்தி வைத்தால், மூடி முகத்தில் விழாமல் எண்ணெய் மெதுவாக வடியும். கந்தக நாற்றம் அடிக்கும். பற்கள் ஒன்றை ஒன்று தின்னாமல் இருக்க எண்ணெயில் சேர்க்கும் பொருளின் வாடை அது. வடிந்ததை உற்றுப் பார்ப்பது அவசியம். சாம்பல் நிறத்தில் மை போல நுண்துகள் இருந்தால் அது வழக்கமான தேய்மானம். சில்லுகளோ உடைந்த பல்லின் துண்டோ கிடந்தால், புதிய மூடி எதையும் சரிசெய்யாது. அதற்கு அனுபவம் உள்ள மெக்கானிக் வேண்டும். பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுப்பதுதான் பொறுமை கேட்கும் வேலை. அவசரப்பட்டு ஆழமாகக் கீறினால் கீறல் வழியே கசியும். சுரண்டிய துகள் உள்ளே விழுந்தால் பற்களுக்கு இடையே போகும். முகப்பு துளியும் எண்ணெய்ப்பசை இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். அதன்பின் புதிய பேக்கிங், அல்லது நம் மெக்கானிக்குகள் 'அனபாண்ட்' என்று சொல்லும் சிலிக்கான் பசை. பசை போட்டால் ஒவ்வொரு போல்ட் துளைக்கும் உள்பக்கமாக அறுபடாத ஒரே கோடாகப் போட வேண்டும். போல்ட்டுகளை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டே போகாமல், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டிலும் மூடியுடன் வரும் தாளிலும் இருக்கும். அதற்கு டார்க் ரிஞ்ச் வேண்டும். பலம் இருக்கிறதே என்று முறுக்கினால் அலுமினியம் விரிசல் விடும், மரை தேயும். பசை காய டியூபில் சொன்ன நேரம் கொடுத்து, பிறகு கையேடு சொல்லும் ரக எண்ணெயை ஊற்ற வேண்டும். வண்டி சமமாக நிற்கையில் துளையின் விளிம்பைத் தொட்டு வழியும்வரை ஊற்றுவதே வழக்கமான அளவு. புதிய மூடி வேறு அளவு கேட்டால் அதன் தாளைப் பின்பற்ற வேண்டும். அச்சின் மேலே ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். அது மண்ணால் அடைபட்டிருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி, எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் எண்ணெய் எங்காவது பிதுங்கி வரும். அதையும் சுத்தம் செய்யுங்கள்.

வேலை முடிந்தது. வண்டி ஓடுகிறது, கசிவில்லை. பிள்ளைகள் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் முற்றத்தின் ஓரத்தில் அந்தப் பேசின் இன்னும் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு லிட்டர் கறுப்பு எண்ணெய். அது எங்கே போகப் போகிறது?

இங்கேதான், இறைமக்களே, மோசேயின் சட்டம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. இருட்டிய பிறகு வாசல் கால்வாயில் ஊற்றுவோர் உண்டு. காலிமனையில் கொட்டி மண்ணைத் தள்ளுவோர் உண்டு. கால்வாயின் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். பாலாற்றின் பக்கம். மேலே மணல், கீழே நீர் என்று ஓடுகிற ஆறு அது. அந்த ஊற்றுநீரை நம்பித்தான் நம் கிணறுகளும் குழாய்களும் இருக்கின்றன.

பாலாறு கெட்டது என்றாலே நாம் டேனரியைக் கைகாட்டிப் பழகியவர்கள். அதில் உண்மை இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுக்க வேண்டும், கெட்டுப்போன சுற்றுச்சூழலைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்தத் தீர்ப்பு நம் வேலூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்றைப் பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு வர வேண்டியிருந்தது. இடையில், 2015 ஜனவரி 31 விடியுமுன், இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவின் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் இறந்தார்கள். குழியை வெட்டியவர் வேறு, விழுந்தவர் வேறு. விடுதலைப் பயண நூல் சொன்ன அதே நிகழ்வு. விழுந்தவை மாடுகள் அல்ல, மனிதர்கள்.

பெரிய தொட்டிக்கும் நம் பேசினுக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையின் கடனை வீட்டுக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமாகாது. ஆனால் இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். திறந்தவர் பொறுப்பு. பகலில் கம்பெனிக்காரரைக் கேள்வி கேட்ட நாம், இரவில் பேசினைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்குப் போனால், கேள்வி கேட்கும் தகுதியை நாமே கழுவி ஊற்றுகிறோம்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. புதிய எண்ணெய் வந்த கேனையே வைத்துக்கொள்ளுங்கள். பழையதைப் புனல் வைத்து அதில் ஊற்றி மூடுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலக்காதீர்கள். பயன்படுத்திய எண்ணெயை நம் நாட்டுச் சட்டம் அபாயக் கழிவாகக் கருதுகிறது. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களுக்கு அது போய்ச் சேர வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கும் சர்வீஸ் நிலையத்தைக் கேட்டு அறிந்து கேனை ஒப்படையுங்கள். துடைத்த துணிகளை அடுப்பில் போடாதீர்கள். கரையானுக்கு நல்லது என்று கதவிலும் மாட்டுக் கொட்டகையிலும் தடவாதீர்கள். புதிய மூடி வாங்குவதற்கு முன்பே, பழைய எண்ணெயை எங்கே கொடுப்பது என்று கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒவ்வோர் அன்பியத்திலும் இளைஞர்கள் ஒருவர் வீட்டில் கேன்களைச் சேர்த்து, மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்தால் செலவும் அலைச்சலும் குறையும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். கையில் எண்ணெய்க் கறையோடு வரும் பிள்ளையைத் திட்டி அனுப்பாதீர்கள். தானே பிரித்து, தானே பூட்டக் கற்றவனுக்கு உழைப்பின் அருமை தெரியும். மெக்கானிக்கின் கூலியைப் பேரம் பேசிக் குறைக்க அவனுக்கு மனம் வராது. அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பேசின்ல இருந்தத எங்கப்பா ஊத்துன?"

திறக்கும் துணிவைத் தந்த இறைவன், திறந்ததை மூடும் பொறுப்பையும், வெளியே வந்ததற்குப் பதில் சொல்லும் நேர்மையையும் நம் அனைவருக்கும் தருவாராக. பாலாற்றங்கரையில் வாழும் எல்லாக் குடும்பங்களையும் அவர் காப்பாராக. ஆமென்.