வாசல் வரை வந்த வேகம் அறைக்குள் ஏன் வரவில்லை?



சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் இணையத்தின் கதையும் இதுதான். மாதம் தவறாமல் கட்டணம் கட்டுகிறார்கள். கண்ணாடி இழைக் கம்பியும் வாசல் வரை வந்து விட்டது. ஆனாலும் பின்னறையில் பாடம் படிக்கும் பிள்ளையின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்நாட்டில் அகன்ற அலைவரிசை வளர்ந்த விதத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம். 2001-இல் டெலிகோம் மலேசியா அறிமுகப்படுத்திய ஸ்ட்ரீமிக்ஸ், பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியிலேயே வந்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகமும் குறைந்தது. 2008-இல் அரசாங்கமும் அந்நிறுவனமும் அதிவேக அகன்ற அலைவரிசைத் திட்டத்திற்கு ஒப்பந்தம் செய்தன. 2010 மார்ச்சில் பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலம் ஆகிய இடங்களில் யூனிஃபை தொடங்கியது. அன்று 5, 10, 20 மெகாபிட் வேகங்களே வீடுகளுக்குக் கிடைத்தன. 2018-இல் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் மொத்த விலைகளுக்கு வரம்பு விதித்த பிறகு கட்டணம் இறங்கியது, வேகம் ஏறியது. இன்று 100 மெகாபிட் என்பது சாதாரணமாகி விட்டது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீடே பள்ளிக்கூடமானது. அவ்வாண்டு சபாவின் பித்தாசில் ஒரு மாணவி இணையம் தேடி மரத்தில் ஏறித் தேர்வு எழுதியதை நாடே பேசியது. அங்கே அலை இல்லாத குறை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளானின் நெருக்கமான வரிசை வீடுகளிலும் அலை அளவுக்கு மிஞ்சிய குறை. கைப்பேசியைத் திறந்தால் முப்பது வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாக நிற்கும். தன் வீட்டுப் பெயர் மட்டும் திணறும்.

இதற்குக் காரணம் எளிமையானது. வைஃபை என்பது ஒரு மண்டபத்தில் பேசுவது போன்றது. ஒரே அலைவழியில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 13 வழிகள் இருப்பதாகத் தோன்றினாலும், ஒன்றன்மேல் ஒன்று படாமல் இயங்கக் கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. யாரும் இல்லையே என்று 3-ஆம் வழிக்கோ 8-ஆம் வழிக்கோ போகிறவர் இரு பக்கத்தாரின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார், அவர்களுக்கும் இடையூறாகிறார். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் இதே பட்டையில்தான் இயங்குகிறது.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வழிகள் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால், கான்கிரீட் சுவரைக் கடக்கும்போது அது விரைவில் வலுவிழந்து விடும். அடுக்குமாடியில் அதுவும் ஒரு நன்மையே. அடுத்த வீட்டு அலை இந்த வீட்டிற்குள் அதிகம் நுழையாது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பிள்ளை குறை சொன்னதும் தகப்பனார் அடுத்த பெரிய தொகுப்பிற்கு மாறுகிறார். இல்லையென்றால், கடைக்குப் போய் அலையைத் திரும்ப ஒலிபரப்பும் ஒரு சிறு பெட்டியை வாங்கி வந்து சுவரில் செருகுகிறார். சாதாரணப் பெட்டி ஒரே அலைவழியில் கேட்டு, அதையே மறுபடியும் சொல்கிறது. ஒரு முறை பேச வேண்டியதை இரு முறை பேசுவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. பத்து வீட்டார் பத்துப் பெட்டி செருகினால் மண்டபத்தில் கூச்சல்தான் மிஞ்சும்.

பணம் செலவழிப்பதற்கு முன் பத்து நிமிடம் செலவழிக்கலாம். மடிக்கணினியை ரவுட்டரில் கம்பி மூலம் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். பிறகு கம்பியைக் கழற்றி, அதே இடத்தில் வைஃபையில் அளக்க வேண்டும். மூன்றாவதாகப் பிள்ளையின் அறையில் அளக்க வேண்டும். முதல் அளவே குறைந்தால் நிறுவனத்திடம் முறையிடலாம். இரண்டாவது குறைந்தால் அலை நெரிசல் அல்லது பழைய கருவி. மூன்றாவது மட்டும் குறைந்தால் சுவரும் தூரமும்தான் காரணம். பகலில் ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை அளந்தால் உண்மை இன்னும் தெளிவாகும்.

ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, இரும்பு அலமாரிக்குள்ளோ, மீன் தொட்டிக்குப் பக்கத்திலோ வைப்பது பலர் வழக்கம். இரும்பும் நீரும் அலையைத் தடுப்பவை. வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வைப்பதே சிறப்பு.

எல்லாவற்றையும் விட நல்ல மருந்து கம்பிதான். தொலைக்காட்சிப் பெட்டி, மேசைக் கணினி போன்று இடம் மாறாதவற்றைக் கம்பியில் இணைத்து விட்டால் அலை முழுதும் கைப்பேசிகளுக்குக் கிடைக்கும். கேட் 5ஈ எனப்படும் கம்பி 100 மீட்டர் வரை வினாடிக்கு ஒரு கிகாபிட் கொண்டு செல்லும். அதற்கு அதன் எட்டு இழைகளும் இணைப்பில் பொருந்தியிருக்க வேண்டும். நான்கை மட்டும் பொருத்தினால் வேகம் 100 மெகாபிட்டில் நின்று விடும். விலை மலிவு என்று அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியை வாங்கக் கூடாது, அது எளிதில் முறியும். மின்கம்பியோடு ஒரே குழாயில் செலுத்துவதும் ஆபத்து. இடி மின்னல் மிகுந்த இப்பகுதியில், சன்னல் வழியே பக்கத்து வீட்டிற்குச் செம்புக் கம்பி இழுப்பதையும் தவிர்க்க வேண்டும். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்து ஆணியடித்தால் ஒளி கசிந்து இணைப்பே அறுந்து போகலாம்.

கம்பி இழுக்க முடியாத வாடகை வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையையும், சரியான இடத்தையும் நம்பலாம். பழைய 2.4 பட்டைக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலமே போதும். 40 என்று வைத்தால் அக்கம்பக்கத்தார் வழியையும் அடைத்து விடும். கடவுச்சொல்லை மாற்றி, குறைந்தது டபிள்யூபிஏ2 பாதுகாப்பை வைப்பதும் அவசியம்.

சுவர் நம்முடையது, காற்று பொதுவானது. மாடிப்படியில் தண்ணீர் வழிந்தால் நிர்வாகக் குழு கூடிப் பேசுகிறது. ஒரே தளத்தில் உள்ள எட்டு வீட்டார் 1, 6, 11 என்று பிரித்துக்கொள்ளவும் அதே கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கலாமே! மேல்தளம், கீழ்த்தளம் இரண்டையும் கலந்து கொண்டால் இன்னும் நன்று. செலவு ஒரு காசு இல்லை.

நெருங்கி வாழ்ந்து பழகிய சமூகம் நம்முடையது. ஒரு வீட்டுத் திருமணத்திற்குத் தெருவே நாற்காலி கொண்டு வந்த காலம் உண்டு. இன்று அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் தேர்வு இருக்கிறது என்ற நினைவோடு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைக் கம்பிக்கு மாற்றினாலும், அதுவும் அந்தப் பழைய நல்லுறவின் தொடர்ச்சியே.