காதில் கோளாறு இல்லை, சத்தம்தான் தாங்கவில்லை

(டயகமவில் தோட்டக் குடும்பங்களுக்காக நடைபெற்ற சுகநலக் கூட்டத்தில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)



திருவிழா வந்தால் நம்ம லயங்களில் தப்பும் ஒலிபெருக்கியும் வெடியும் காதைப் பிளக்கும். நமக்கு அது சந்தோசம். ஆனால் முப்பது வயது ஆள் ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தேயிலைக்குள் ஓடினால், "பேய் பிடிச்சிருச்சு" என்று கோடாங்கியைக் கூப்பிடுகிறோம். சில வீடுகளில் அடியும் விழுகிறது.

அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இருப்பது ஓட்டிசமாக இருக்கலாம். அது பேயும் அல்ல, பெற்றவர்கள் செய்த குற்றமும் அல்ல. மூளை வளர்ந்த விதம் அப்படி. பிள்ளை பெரிய ஆளானாலும் அது கூடவே இருக்கும். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே, சத்தத்துக்கு அவர்கள் மிரளுவதைச் சொல்லியிருக்கிறார்.

காது சத்தத்தை வாங்கி, நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகிறது. தொழிற்சாலையில் தூளைச் சலிப்பது போல, மூளை அதைச் சலிக்கிறது. வேண்டியதை எடுக்கும், வேண்டாததை ஒதுக்கும். அதனால்தான் தகரத்தில் மழை கொட்டினாலும் நாம் தூங்கிவிடுகிறோம். ஓட்டிசம் உள்ள பலருக்கு இந்தச் சலிப்பு வேறு மாதிரி நடக்கிறது. ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டாலும் மூளைக்குச் சீக்கிரம் பழகுவதில்லை. பத்தாவது அடியும் முதல் அடி போலவே விழும்.

2017இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், பெரியவர்களுக்குச் சிலர் பேசும் பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். நடுவில் ஒருவர் "நான் கொரில்லா" என்று சொல்லிக்கொண்டே போகிறார். மற்றவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது காதில் விழுந்தது. ஓட்டிசம் உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்துவிட்டார்கள். பார்த்தீர்களா, அவர்களுக்குக் கேட்பது குறைவில்லை, கூடுதல். ஆனால் எல்லாம் ஒன்றாக வந்து விழும்போது தாங்க முடிவதில்லை. பிரட்டுக் களத்தில் பத்துப் பேர் பேசும் இடத்தில் கூப்பிட்டால் சிலருக்கு விளங்காது. அது திமிர் இல்லை.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

வெடி போடுமுன், ஒலிபெருக்கி போடுமுன் அவருக்குச் சொல்லிவிடுங்கள். சத்தம் குறைந்த ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுங்கள். காதை மூடும் கவசம் இருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் போடலாம், நாள் முழுக்க வேண்டாம். ஒருவர் மட்டும் அமைதியாக, சுருக்கமாகப் பேசுங்கள். "பழகட்டும்" என்று சத்தத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போகாதீர்கள். பயம்தான் கூடும். அவர் முன்னால் அவரைப் பற்றிக் கேலி பேசாதீர்கள், அவருக்குக் கேட்கும்.

காதில் வலியோ சீழோ இருந்தாலும் சத்தம் தாங்காமல் போகலாம். ஆகவே முதலில் தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டுங்கள். பிறகு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாயை லயத்துப் பக்கம் திருப்பாமல் கட்டுங்கள். சாமிக்கு ஒரு குறையும் வராது. ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்கும்.