கால்சியமும் அதன் பதிலாளும்



இரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் நமக்கு விஞ்ஞானம் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். நம் படிப்பு பள்ளியிறுதியோடு நின்றதுதான். ஆயினும் பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளம் செல்கையில், ஆலுவாவைக் கடக்கும்தோறும் எழும் நினைவொன்றைச் சொல்லவே வந்துள்ளோம்.

இடுக்கி மலைகளிலிருந்து இறங்கிவரும் பெரியாற்றின் கரையில், ஆலுவாவை அடுத்து, 1952-இல் அருமண் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரைகளில் கிடைக்கும் மோனசைட் மணலில் டெர்பியம் என்னும் உலோகம் மிகச் சிறிதளவு உண்டு. உடலில் கால்சியம் புரியும் வேலையை ஒளியால் அறிய உதவியது அந்த உலோகமே. (ஆராய்ச்சிக்கு நம் மணலே போயிற்று என்று பெருமை பேசவில்லை.)

கால்சியம் எலும்புக்கு மட்டுமே என்று நாமும் எண்ணியிருந்தோம். 1883-இல் இலண்டனில் ஸிட்னி ரிங்கர் ஒன்றைக் கண்டார். குழாய் நீரில் கரைத்த உப்பில் துடித்த தவளையின் இதயம், வடித்த நீரில் கரைத்த உப்பில் விரைவில் ஓய்ந்தது. குழாய் நீரிலிருந்த கால்சியமே வேறுபாடு. உயிரணுவுக்குள் கால்சியம் ஒரு கைகாட்டி. கைகாட்டி இறங்கினால் போதுமா? அதைக் கண்டு வண்டியை நகர்த்த ஓட்டுநர் வேண்டுமே! அத்தகைய புரதங்களுள் ஒன்று கால்மாடுலின். 148 அமினோ அமிலங்கள் கோத்த அதில், கால்சியத்துக்கு நான்கு இருக்கைகள் உண்டு.

எந்த இருக்கை முதலில் நிரம்புகிறது? கால்சியம் ஒளிராததால் கண்டறிவது அரிது. ஆகவே ஏறக்குறைய அதே பருமனுள்ள டெர்பியத்தைப் பதிலாக அமர்த்தினர். புறஊதா ஒளியை டைரோசின் என்னும் அமினோ அமிலம் வாங்கி, அருகிலுள்ள டெர்பியத்துக்கு அளிக்கும். அது 545 நானோமீட்டரில் பச்சையாக ஒளிரும். கால்மாடுலினின் டைரோசின்கள் இரண்டும் பின்பாதியில் உள்ளன. எனவே, பச்சை ஒளி மிகுந்தால் பின்பாதியில் ஆள் ஏறிவிட்டார் என்று பொருள்.

விடுப்பில் சென்றவரைப் போலவே பதிலாள் வேலை செய்வாரா? அலுவலகத்தில் தலை நரைத்த நமக்கு அதில் ஐயமுண்டு. ஆராய்ச்சியாளருக்கும் இருந்தது. வாங், லீவிஸ், கெர்கெலி ஆகியோர் 1984-இல் வெளியிட்ட முடிவு இது: கால்சியம் முதலில் நாடுவது பின்பாதி இருக்கைகளை, டெர்பியமோ முன்பாதியை நாடுகிறது! பதிலாளின் வருகையை அப்படியே கால்சியத்தின் பெயரில் பதிந்தால் பதிவேடு பொய்யாகும்.

1985-இல் ரோஜர் சியென் குழுவினர் ஃபூரா-2 என்னும் சாயத்தை அறிவித்தனர். அது உண்மைக் கால்சியத்தையே பற்றி, அதன் அளவைச் சொல்லும். எந்த இருக்கை என்பதைச் சொல்லாது.