கிடைக்கவில்லையா, தேடவில்லையா?

ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் இந்த வெயிலில் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, பிள்ளைகளை இடுப்பில் சுமந்துவந்த தாய்மார்களே!

அரசு அலுவலகக் கோப்புகளில் ஒரு வாக்கியம் உண்டு. 'தகுதியான மாற்றுத்திறனாளி எவரும் கிடைக்கவில்லை.' நம் வயிற்றில் அடிக்கும் வாக்கியம் அதுதான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, அரசுப் பணிகளில் நமக்கு 4 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்கச் சொல்கிறது. எந்த இடம் யாருக்கு என்று குறிக்கும் மத்திய அரசின் சுழற்சிப் பதிவேட்டில் நூறு இடங்களுக்கு 1, 26, 51, 76 என்ற நான்கு எண்களும் நம்முடையவை. முதல் எண்ணே நமக்கு! ஆனால் நியமனம் என்று வந்தால் நாம்தான் கடைசி.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 3 சதவீதம் தந்தது. அதையும் 'இந்தப் பதவிக்கு உண்டு, அந்தப் பதவிக்கு இல்லை' என்று சுருக்கினார்கள். தேசியப் பார்வையற்றோர் சம்மேளனம் வழக்காடியது. நமக்கு ஏற்றவை என்று அடையாளம் கண்ட பதவிகளை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது, மொத்தக் காலியிடங்களையும் வைத்தே கணக்கிட வேண்டும் என்று 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண் தெரியாதவர்கள் வழக்காடித்தான் கண் உள்ளவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது!

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். 2016 சட்டப்படி, ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் வேறு வகை மாற்றுத்திறனாளிக்குத் தர வேண்டும். அவரும் இல்லையென்றால்தான் மற்றவருக்கு. நம்மைக் காக்க எழுதிய ஏற்பாடு இது. ஆனால் 'கிடைக்கவில்லை' என்று இரண்டு ஆண்டுகள் எழுதிவிட்டால், நம் இடம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் நாம் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். இத்தனை பேரில் ஒருவர்கூடவா கிடைக்கவில்லை?

அந்த வாக்கியம் எப்படிப் பிறக்கிறது என்று என் கண்ணால் பார்த்தேன். நேர்காணலுக்குப் போயிருந்தேன். இரண்டாவது மாடி. லிஃப்ட் கதவில் பூட்டு. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஊன்றுகோலைக் கீழ்ப்படியில் சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: 'வரவில்லை'. உள்ளங்கை முழுக்கப் படிக்கட்டுப் புழுதி. நான் வரவில்லையாம்!

பூட்டிய லிஃப்ட்டும் அந்தச் சிவப்பு மையும் சேர்ந்துதான் தோழர்களே, 'கிடைக்கவில்லை' ஆகிறது.

நம் இடம் நழுவிப்போக இன்னொரு வாசலும் இருக்கிறது. நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமல், துப்புரவு, காவல், கணினிப் பதிவு என்று வேலையை ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்கிறார்கள். நியமனமே நடக்காவிட்டால் சதவீதம் எதற்கு? நூறில் நான்கு நமக்கு. பூஜ்யத்தில் நான்கு சதவீதம் எவ்வளவு?

எனவே நாம் கேட்பது மூன்று. ஒவ்வொரு துறையும் தன் சுழற்சிப் பதிவேட்டை மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். நிரப்பாமல் தேங்கிய பின்னடைவுப் பணியிடங்களைச் சிறப்பு ஆள்சேர்ப்பு நடத்தி நிரப்பட்டும். 'கிடைக்கவில்லை' என்று எழுதும் அதிகாரி, எங்கே தேடினார், எந்த மாடியில் தேடினார் என்பதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடட்டும்!

சலுகை கேட்டு நாம் இங்கே வரவில்லை. வருகைப் பதிவு செய்ய வந்திருக்கிறோம். சிவப்பு மைக்காரர்களே, எட்டிப் பாருங்கள். ஆயிரம் கைகளில் புழுதி இருக்கிறது. நாங்கள் வந்துவிட்டோம். எழுதுங்கள்!