அக்கரை எனப்பட்ட நகர்: பட்டர்வொர்த்தின் பெயரும் பொருள்வளமும்



ஒரு நகரின் பொருளியலைப் பற்றிப் பேச மொழியியல் பயின்றவரை அழைப்பானேன் என்று சிலர் வினவக்கூடும். விடை எளிது. ஓர் ஊர் எப்பெயரால் அழைக்கப்படுகிறது, எவ்விடத்தில் நிற்போர் அப்பெயரை இட்டனர் என்பவை அவ்வூரின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. அம்மதிப்பு முதலீட்டாளரின் முடிவிலும் திட்டமிடுவோரின் வரைபடத்திலும் பின்னர் எதிரொலிக்கிறது. பட்டர்வொர்த் பொருள்வளம் குன்றிய ஊரன்று. அவ்வளத்திற்குரிய பெயரைப் பெறாத ஊர். இதனை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் பெயர்களை நோக்குவோம். 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த் என்பாரின் பெயரே இவ்வூருக்கு ஆயிற்று. மலாய் மக்கள் இதனைப் பாகான் என்பர். படகு அணையும் துறை என்பது அச்சொல்லின் பொருள். சீனர் வடகடல் என்னும் பொருள்பட பெய்ஹாய் என்பர். ஆங்கிலப் பெயர் அதிகாரத்தைச் சுட்டுகிறது. சீனப் பெயர் திசையைச் சுட்டுகிறது. மலாய்ப் பெயர் ஒன்றே ஊரின் தொழிலைச் சுட்டுகிறது. இம்மூன்றனுள் உலக வரைபடத்தில் நிலைத்தது, ஊரைப் பற்றி ஒன்றுமே கூறாத பெயர்தான்.

நிலப்பகுதியின் பெயரும் அத்தகையதே. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் கால் பதித்தார். 1800இல் கெடா சுல்தானிடமிருந்து எதிர்க்கரையின் நிலப்பட்டையும் பெறப்பட்டது. கல்கத்தாவில் வீற்றிருந்த தலைமை ஆளுநர் வெல்லஸ்லியின் பெயர் அதற்கு இடப்பட்டது. இன்று நாம் செபராங் பிறை என்கிறோம். செபராங் என்னும் மலாய்ச் சொல்லுக்கு மறுகரை என்பது பொருள். அது பிறை ஆற்றின் மறுகரையைக் குறித்து எழுந்த பெயராயினும், தீவில் நிற்போர் செவிக்கு நீரிணையின் மறுகரை என்றே ஒலிக்கிறது.

தமிழில் இகரச் சுட்டு அண்மையையும் அகரச் சுட்டு சேய்மையையும் உணர்த்தும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த இலக்கணம். இக்கரை, அக்கரை என்னும் சொற்களில் கரை மாறுவதில்லை. பேசுவோர் நிற்கும் இடமே மாறுகிறது. தமிழகத்தில் இருந்தோர்க்கு மலாயா முழுவதுமே அக்கரைச் சீமை. அச்சீமைக்குள்ளும் தீவுக்கு அக்கரையாக அமைந்தது பட்டர்வொர்த். ஆகவே இங்கு வாழும் தமிழர் அக்கரையின் அக்கரையில் வாழ்வோர் ஆயினர்.

இன்னுமோர் இலக்கணக் குறிப்பு இங்குப் பயன்படும். உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகி வருவதைச் சினையாகுபெயர் என்பர். தலைக்கு ஒரு பழம் என்னும்போது தலை ஆளைக் குறிக்கிறது. பினாங்கு என்பதும் அத்தகைய சொல்லே. பாக்கைக் குறிக்கும் பினாங் என்னும் மலாய்ச் சொல் தீவின் பெயராகிப் பின்னர் மாநிலம் முழுவதற்கும் ஆயிற்று. பட்டர்வொர்த் மக்களே கடலைக் கடக்கும்போது, பினாங்குக்குப் போகிறோம் என்பர். நிற்பது பினாங்கு மாநிலத்தில், போவதும் பினாங்குக்கு. கேட்போர் எவரும் வியப்பதில்லை.

வணிகத்திலும் இதே நிகழ்கிறது. பினாங்குத் துறைமுகம் என்றவுடன் வெளியூரார் மனத்தில் தோன்றுவது ஜார்ஜ்டவுன் கடற்கரை. ஆனால் சரக்குகள் ஏறி இறங்கும் ஆழ்நீர்த் துறைகளும் கொள்கலன் முனையமும் இருப்பவை பட்டர்வொர்த்தில். ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகள் இக்கரையில் கையாளப்படுகின்றன. தீவிலுள்ள சுவெட்டன்ஹாம் துறையோ இன்று பெரும்பாலும் உல்லாசப் பயணக் கப்பல்களை வரவேற்பது. பளுவைச் சுமப்பது ஒரு கரை; பெயரைச் சுமப்பது மறுகரை.

இனி, வட்டாரப் போட்டியின் வரலாற்றைக் காண்போம். 1826இல் நீரிணைக் குடியேற்றங்கள் அமைந்தபோது தலைமையிடம் பினாங்கு. 1832இல் அது சிங்கப்பூருக்குச் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், எழுந்தது. 1969இல் ஜார்ஜ்டவுனின் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதி நீக்கப்பட்டது. அடியுண்ட தீவு 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரத்தை அமைத்து, மின்னணுத் தொழிலால் மீண்டும் எழுந்தது. 2023இல் கிள்ளான் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. தெற்கிலுள்ள பெருந்துறைமுகங்களுடன் அளவால் போட்டியிடுவது நமக்கு இயலாது என்பதை இவ்வெண்களே கூறும்.

இப்பெரும் போட்டிக்குள் ஒரு சிறு போட்டியும் உண்டு. அது தீவுக்கும் நிலக்கரைக்கும் இடையிலானது. மாநிலத்தின் முதல் தொழிற்பேட்டை 1960களின் தொடக்கத்தில் இக்கரையின் மாக் மண்டினில்தான் தோன்றியது. பிறையும் தொழில் நகராயிற்று. ஆயினும் புகழும் உயர் பதவிகளும் தீவிலேயே குவிந்தன. 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகராயிற்று. செபராங் பிறை அத்தகுதியைப் பெற்றது 2019இல். இடையில் கழிந்தவை 62 ஆண்டுகள். 2020ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி செபராங் பிறையில் ஏறத்தாழ 9 இலட்சத்து 46 ஆயிரம் பேர்; தீவில் 7 இலட்சத்து 94 ஆயிரம் பேர். மாநிலத்தில் நூற்றுக்கு 54 பேர் வாழும் கரையையே நாம் இன்னும் மறுகரை என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

பாலங்களின் கதையும் எண்ணத்தக்கது. 1985 வரை வாகனத்தில் தீவுக்குச் செல்வோர் பட்டர்வொர்த்துக்கு வந்து, ஃபெரிக்குக் காத்திருந்து செல்ல வேண்டியிருந்தது. அக்காத்திருப்பே உணவுக்கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் வாழ்வளித்தது. 13.5 கிலோமீட்டர் நீளமான பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டபோது, அதன் நிலக்கரை முனை தெற்கே பிறையில் அமைந்தது. நெடுஞ்சாலையில் வருவோர் பட்டர்வொர்த்தைத் தொடாமலே தீவை அடையலாயினர். 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் மேலும் தெற்கே பத்து காவானில் தொடங்குகிறது. இரு கரைகளையும் இணைத்த பாலங்கள், இரண்டுக்கும் வாயிலாக இருந்த ஊரை ஒதுக்கிவிட்டன. வாகனங்களையும் ஏற்றிச் சென்ற பழைய ஃபெரிகள் 2020 இறுதியோடு ஓய்வு பெற்றன. 2023இல் புதிய ஃபெரிகள் வந்தன. ஆயினும் பழைய வாயில் வணிகம் திரும்பவில்லை.

இத்தகைய நிலை நமக்கு மட்டுமே உரியதன்று. வங்கத்தில் ஹூக்ளி ஆற்றின் ஒரு கரையில் கல்கத்தா, மறுகரையில் ஹவுரா. 1854இல் இரயில் புறப்பட்டது ஹவுராவிலிருந்து. சணல் ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் அக்கரையில். வங்கிகளும் வணிக மன்றங்களும் இக்கரையில். 1874இல் மிதவைப் பாலமும் 1943இல் இன்றைய பெரும்பாலமும் அமைந்த பின்னரும், பயணி ஹவுராவில் இறங்கிக் கல்கத்தாவுக்கு வந்துவிட்டதாகவே கூறினார். ஆலைத் தொழில் நலிந்தபோது ஹவுராவின் இழப்பும் பெருநகரின் பெயருக்குள் மறைந்தது. வாயிலாக மட்டும் நிற்கும் ஊருக்கு நேரும் இடர் இது.

மாற்று வழியைக் காட்டும் எடுத்துக்காட்டு ஆப்பிரிக்காவிலிருந்து கிடைக்கிறது. அங்கோலா என்றால் உலகம் தலைநகர் லுவாண்டாவையே அறியும். தெற்கே லொபித்தோ என்றொரு துறைமுக நகர் உண்டு. அங்கிருந்து காங்கோ எல்லை வரை 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பெங்குவேலா இரயில்பாதை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடப்பட்டது. 1975இல் தொடங்கி 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் அப்பாதை சிதைந்தது, நகரும் மறக்கப்பட்டது. போருக்குப் பின்னர்ப் பாதை சீரமைக்கப்பட்டது. காங்கோ, சாம்பியா நாடுகளின் செம்புக்கும் கோபால்ட்டுக்கும் இன்று உலகெங்கும் தேவை மிகுந்துள்ளது. ஆகவே அமெரிக்கா, ஐரோப்பா, சீனா எனப் பல தரப்பினரும் இவ்வட்டாரப் பாதைகளின்மீது கண் வைத்துள்ளனர். லொபித்தோ லுவாண்டாவைப் போல் ஆக முயன்று மதிப்புப் பெறவில்லை. தன் முதுகுப்புறத்தில் விரிந்த உள்நிலமே தன் வளம் என்பதால் மதிப்புப் பெற்றது.

பட்டர்வொர்த்தின் வழியும் அதுவே என்பது நம் துணிபு. இவ்வூரின் உள்நிலம் கெடா, பெர்லிஸ், வட பேராக், தென் தாய்லாந்து எனப் பரந்தது. புக்கிட் மெர்தாஜாமில் பிரியும் இரயில்பாதை வடக்கே பாடாங் பெசாரை அடைந்து தாய்லாந்துப் பாதையுடன் இணைகிறது. தென் தாய்லாந்தின் இரப்பர் அவ்வழியே இத்துறைமுகத்தை வந்தடைவது பழைய வழக்கம். கப்பல், இரயில், நெடுஞ்சாலை, ஃபெரி ஆகிய நான்கும் சில நூறு மீட்டர் இடைவெளியில் கூடும் ஊர்கள் இந்நாட்டில் மிகச் சில. 2018இல் திறக்கப்பட்ட பினாங்கு சென்ட்ரல் போக்குவரத்து மையமும் இங்குதான் உள்ளது. அதன் பெயரும் பினாங்கு என்றே தொடங்குவதைக் கருதுக.

எனினும் தீவைத் தாழ்த்திக் கரையை உயர்த்துவது நம் நோக்கமன்று. தீவில் நிலம் அருகிவிட்டது. கடலைத் தூர்த்தே புதுநிலம் பெற வேண்டியுள்ளது. 2008இல் உலக மரபுச் சின்னமான ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் ஆலை எழுப்ப இயலாது, எழுப்பவும் கூடாது. நிலக்கரையில் இடம் உண்டு, உழைப்போர் உண்டு, துறைமுகம் உண்டு. பத்து காவானில் எழும் புதிய ஆலைகள் இவ்வுண்மைக்குச் சான்று. தீவின் கல்வியும் பெயரும் கரையின் நிலமும் துறையும் சேர்ந்தாலன்றி, தெற்கத்துப் பெருந்துறைகளுக்கு எதிரே இவ்வட்டாரம் நிமிர்ந்து நிற்க இயலாது. கெடாவையும் போட்டியாளராகக் கருதாமல் உள்நிலத்துப் பங்காளியாகக் கருதுதல் வேண்டும்.

இதில் தமிழர்க்கு உள்ள பங்கு யாது? இந்நீரிணையின் வணிகச் சொற்களைப் பாருங்கள். மலாய் மொழியின் காப்பால் நம் கப்பல். கெடாய் நம் கடை. மோடால் நம் முதல். குடாங் நம் கிடங்கு. முதலையும் கடையையும் கொணர்ந்த வணிகர் ஜார்ஜ்டவுனில் தங்கினர். அவர்தம் பள்ளிவாசல்களும் கோயில்களும் கிட்டங்கிகளும் நூல்களில் பதிவாகியுள்ளன. எதிர்க்கரைக்கு வந்தோர் வேறு மக்கள். இரப்பருக்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் அவர்கள். பின்னர் இரயில்பாதையிலும் துறைமுகத்திலும் உழைத்தோர் அவர்தம் வழியினர். லயம், பெரட்டு, கங்காணி, கிராணி என்னும் சொற்கள் அவர்தம் வரலாற்றின் எச்சங்கள். ஆயினும் ஆய்வாளர் பெரும்பாலும் தீவையே நாடினர். பொருளியலில் கண்ட அதே சாய்வு ஆய்விலும் உண்டு.

அத்தோட்டங்கள் இன்று தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி வருகின்றன. கரும்பு வெட்டியவரின், பால் மரம் சீவியவரின் பேரப்பிள்ளைகள், அதே மண்ணில் எழும் ஆலைகளில் பொறியாளராகவும் தொழில்நுட்பராகவும் நுழைவார்களா, அல்லது வாயிற்காவலுக்கும் துப்புரவுக்கும் மட்டுமே அழைக்கப்படுவார்களா என்பதே நம்முன் உள்ள வினா. நகரின் வளம் வளர்ந்தாலே மக்களின் வளம் வளர்ந்துவிடாது. தமிழ்ப்பள்ளி மாணவருக்குத் தம் ஊரின் துறைமுகமும் பாதையும் ஆலையும் என்னவென்று கற்பித்தலும், இடைநிலைக் கல்விக்குப் பின் தொழில்திறன் பயிற்சிக்கு வழிகாட்டுதலும் இன்றே தொடங்க வேண்டிய பணிகள்.

மொழி மன்றத்துக்கு உரிய பணிகளாக இரண்டை முன்வைக்கிறோம். ஒன்று, நிலக்கரையின் துறைமுகத் தமிழ், இரயில்வேத் தமிழ், தோட்டத் தமிழ் ஆகியவற்றைப் பேசும் முதியோர் நம்மோடு இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்து, சொற்றொகுதியாக்குதல். மற்றொன்று, நம் எழுத்திலும் மேடையிலும் ஊர்ப்பெயரை அதனதன் இடத்துக்குரியதாக வழங்குதல். சரக்கு பட்டர்வொர்த்தில் இறங்கினால் பட்டர்வொர்த்தில் இறங்கியது என்றே எழுதுவோம். ஆலை பிறையில் இருந்தால் பிறை என்றே எழுதுவோம். சிறு மாற்றமாகத் தோன்றலாம். ஆயினும் இங்குப் படிக்கும் பிள்ளை, தன் ஊர் பிறிதோர் ஊருக்குப் போகும் வழியன்று, உழைத்து உயர்தற்குரிய இடம் என்று அறிய அது துணைபுரியும்.